ஒற்றைப் பட்டன் விமானம்

அந்த விமானத்துக்கு அடித்தது சிவப்பா ஆரஞ்சா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. செய்த றிஸாத்திடமே கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறான். மற்றவை ஏறக்குறைய நான் சொல்கிறபடிதான் நடந்தன.

பதுளை பஸாரில் றிஸாத்துக்கு ரேடியோ திருத்தும் கடை. ரேடியோ வைத்திருப்பவர்கள்தான் குறைந்துகொண்டே போனார்கள். மனைவி ஸல்மாவின் அண்ணன் ஷாமில் கட்டாரிலிருந்து விசா அனுப்பியிருந்தான். றிஸாத்துக்குப் போக மனமில்லை, தூக்கமும் இல்லை. அப்போதுதான் எல்ல ஊரில் வெள்ளைக்காரத் தோட்டத் துரை ஒருவரின் பழைய பங்களாவை ஹோட்டலாக்கியிருந்த ஹஸீப் முதலாளி ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தோடு கடைக்கு வந்தார். படத்தில் துரையின் கையில் பட்டன் வைத்த பெட்டி. தலைக்கு மேல் ஒரு சின்ன விமானம்.

அதே போல் ஒன்று வேண்டும், எதுவும் மாறக்கூடாது, சனிக்கிழமை வெள்ளைக்கார விருந்தாளிகள் முன்னால் பறக்கவும் வேண்டும் என்றார். சரிவந்தால் பங்களாவின் கரண்ட் வேலை முழுவதும் றிஸாத்துக்கு. சரிவராவிட்டால் கட்டார்தான்.

தேவையான மெல்லிய மரம் கிடைக்கவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையை வெட்டினான். அந்தக் கனத்தில் விமானம் தரையை விட்டு எழும்பவில்லை. புல் வெட்டும் மெஷினின் எஞ்சினைப் பூட்டினான். எழும்பியது. ஆனால் அது ஆட்டிய ஆட்டத்தில் பட்டனின் பேச்சைக் கேட்க உள்ளே வைத்திருந்த ரேடியோ, யாரும் சொல்லாமலே விமானத்தைத் திருப்பியது. ஸல்மாவின் தலையணையைக் கிழித்து ரேடியோவைப் பஞ்சால் இறுக்கிச் சுற்றினான். அதன்பிறகு சொன்னாலும் திரும்பவில்லை. பாதிப் பஞ்சைப் பிடுங்கினான். சில நேரம் கேட்டது, சில நேரம் கேட்கவில்லை.

ஸல்மா பட்டன் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஒரே பட்டன்தானா?"

"ஒருதரம் அமத்தினா வலது. ரெண்டு தரம் அமத்தினா இடது. அந்தக் காலத்துல அப்பிடித்தான்."

"நிப்பாட்டுறதுக்கு?"

"பெற்றோல் முடிஞ்சா நிக்கும்."

ஸல்மா உள்ளே போய் அவனுடைய சூட்கேஸைத் தூசி தட்டி வைத்தாள்.

சனிக்கிழமை பங்களாப் புல்வெளியிலிருந்து விமானம் அழகாக எழும்பியது. ஒருதரம் அமத்தினான், வலது பக்கம் திரும்பியது. இரண்டு தரம் அமத்தினான், மறுபடியும் வலது. அதன்பிறகு எத்தனை தரம் அமத்தினாலும் நேராகத் தேயிலை மலைக்கு மேலே போய், சத்தம் தேய்ந்து, காணாமல் போனது. திரும்பி வரும் என்று விருந்தாளிகள் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திக்கொண்டார்கள்.

"எப்ப வரும்?" என்று மெதுவாகக் கேட்டார் ஹஸீப் முதலாளி.

றிஸாத் பட்டனை அமத்திக்கொண்டே இருந்தான்.

வெகுநேரம் கழித்து, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ரெங்கம்மா வந்தாள். முதுகுக் கூடையில் ஒரு இறக்கை நீட்டிக்கொண்டிருந்தது. புல்வெளியில் நின்றவர்களின் முகங்களை ஒருமுறை பார்த்தாள்.

"புடிங்க மொதலாளி. தொர காலத்துலயும் இது ஒருநாளும் தானா திரும்பி வந்ததில்ல. எங்கப்பாதான் பின்னாலயே ஓடி எடுத்துட்டு வருவாரு. அதுக்குத் தொர பேர் போடுவாரு."

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம்.

"படத்துல உங்கப்பாவக் காணோமே?" என்றார் முதலாளி.

"ஓடிக்கிட்டுல்ல இருந்தாரு."

முதலாளி அதை ஆங்கிலத்தில் சொன்னார். விருந்தாளிகளுக்கு அப்படியொரு சந்தோஷம். தாங்களும் ஓட வேண்டும் என்று சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டத் தொடங்கினார்கள். எதுவும் மாறக்கூடாது என்று தான் சொன்னதை இந்தப் பையன் எவ்வளவு சரியாகச் செய்திருக்கிறான் என்று முதலாளி றிஸாத்தின் தோளில் தட்டினார்.

"அப்ப எனக்கு அரைப்பேராவது போடுங்க" என்றாள் ரெங்கம்மா.

கரண்ட் வேலை றிஸாத்துக்கே கிடைத்தது. கட்டாருக்கு வேறொருவன் போனான். சூட்கேஸில் ஸல்மா கம்பளிகளை வைத்திருக்கிறாள். ரெங்கம்மா சனிக்கிழமைகளில் கொழுந்து பறிப்பதில்லை. வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் மலையில் ஓடுகிறாள், முழுப்பேர். துரையின் படத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பாவின் படத்தையும் மாட்ட வேண்டும் என்று முதலாளி சொன்னதால், அதை வாங்க றிஸாத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனான். ரெங்கம்மா இல்லை. அவள் புருஷன் இராசையாதான் இருந்தார்.

"எங்க மாமனாரா?" என்றார் அவர். "அவரு காலம் பூரா ஹல்துமுல்லையில தேயில ஸ்டோர்ல வேல செஞ்சவருங்க. எல்லப் பக்கமே வந்ததில்ல."