உயிரோடிருந்தவருக்குத் துக்கம் விசாரித்த கதை

தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒரு சின்ன வேலை கொடுத்துவிட்டால் போதும், உலகத்தையே இரட்சிக்கக் கிளம்பிவிடுவார்கள். நான் அப்படிக் கிளம்பிய ஒரு நாளில் குற்றாலத்தில் ஒரு தெருவே அழுதது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தூத்துக்குடியிலிருந்து தென்காசிக்கு மாற்றலாகி, ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவேன் (எங்கள் பக்கம் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம்). ஆறு மாதத்தில் அங்கே என்னிடம் பேசப்பட்ட மொத்த வார்த்தைகள், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க." அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்குத் தள்ளிக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அலுவலகம் விட்டால் திங்கட்கிழமை காலைவரை வாயைத் திறக்க வேலையே இருக்காது. கஷ்டமாகத்தான் இருந்தது.

ஜூலை முதல் ஞாயிறு. பரிசுத்தமும் சமாதானமும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வளர்த்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை, ஒருவரை ஒருவர் விசாரிக்க வேண்டும் என்று பிரசங்கித்த பாஸ்டர், முடிவில் ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே சபையார் பெயர்கள் சீட்டுகளாக இருந்தன. நாம் எடுக்கும் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அந்த மாதத்துக்குள் அவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்து ஜெபிக்க வேண்டும். நான் எடுத்த பெயரை பாஸ்டர் சத்தமாக வாசித்தார்: குற்றாலம் தவமணி அண்ணாச்சி. மனைவி காலமானபின் தனியாக இருப்பவர். ஆராதனையில் ஃபேன் போடுவதா வேண்டாமா என்று பொருளாளரோடு சண்டை போட்டுக்கொண்டு ஐந்து மாதமாகக் கோயில் பக்கமே வராதவர்.

மாதம் முடிய நான்கு வாரம் கிடந்தது. எனக்கு நான்கு மணி நேரம்கூடப் பொறுமை இல்லை. அன்று திருவிருந்து ஆராதனை என்பதால் எல்லாப் பெண்களையும் போல நானும் வெள்ளைச் சேலையில் இருந்தேன். அதை மாற்றக்கூட இல்லாமல், ஒரு கையில் வேதாகமமும் மறு கையில் ஆப்பிள் பையுமாகக் குற்றாலம் பஸ் ஏறினேன். சாரலில் நனைந்துகொண்டே அண்ணாச்சியின் தெருமுனை டீக்கடையில் வழி கேட்டேன்.

"தவமணி அண்ணாச்சி வீடு எதுங்க? விசாரிக்க வந்திருக்கேன்."

சபையில் விசாரிப்பது என்றால் ஆத்தும நலம் கேட்பது. தெருவில், அதுவும் வெள்ளைச் சேலையில் வந்து விசாரிப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். இது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"எப்பம்மா?"

"இன்னைக்குக் காலையிலதான். கோயில்ல பேர் வாசிச்சாங்க."

அவர் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் கூடவே வந்தார். அண்ணாச்சி வீடு பூட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டார், எதிர்வீட்டார், லாட்ஜில் வேலை செய்கிறவர்கள் என்று இருபது பேர் கூடிவிட்டார்கள். எவ்வளவு பக்தியான தெரு, ஜெபம் என்றதும் ஓடி வருகிறார்களே என்று நான் பூரித்துப்போனேன் (நம்புங்கள், நான் பட்டதாரி). அந்தப் பூரிப்பில் கண்ணை மூடி, "ஆண்டவரே, உம்முடைய அடியானைச் சமாதானத்தில் சேர்த்துக்கொள்ளும்" என்று உரக்க ஜெபித்தேன். பொருளாளரோடு சமாதானம் என்பதுதான் என் எண்ணம். பின்னால் ஒரு அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து மொபெட்டில் பொருளாளரே வந்து சேர்ந்தார். யாரோ போன் போட்டிருக்கிறார்கள். கையில் பெரிய மாலை. பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்காவ அந்த ஃபேன நான் அமத்தியிருக்கலாமே."

"இனியாவது அமத்துவியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அருவியில் குளித்துவிட்டு, தோளில் ஈரத்துண்டோடு அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

பொருளாளர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். டீக்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "படிச்ச பிள்ளதானம்மா நீ?" என்றார். அண்ணாச்சி யாரையும் திட்டவில்லை. கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இத்தன பேரு வருவியளாலே எனக்கு?" என்றார். பொருளாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். கூட்டம் கலைந்தது. ஆப்பிளைக் கேட்டில் மாட்டிவிட்டு நான் பஸ் ஏறினேன். நான் போனதை யாரும் கவனிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தென்காசி வரைக்கும் அழுதேன்.

அதற்கப்புறம் என்னை விசாரிக்க வரப்போகிறவருக்காகக் காத்திருந்தேன். என் பெயரையும் யாரோ எடுத்திருப்பார்கள் அல்லவா. தினமும் அறையைக் கூட்டி, தட்டில் பிஸ்கட் அடுக்கி வைப்பேன். ஏழு மணி ஆனதும் நானே தின்பேன். அந்த மாதம் இரண்டு கிலோ எடை கூடினேன், ஆள்தான் வரவில்லை.

மாதக் கடைசி நாள் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். திறந்தால், மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு தவமணி அண்ணாச்சி. என் சீட்டு அவருக்குத்தான் விழுந்ததா என்று ஆசையாகக் கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகத் தலையைத் துடைத்தார்.

"ஒம் பேரே அந்தப் பெட்டியில கெடையாதாம்மா. புதுசுன்னு எழுத விட்டுப்போச்சுன்னு பொருளாளர் சொன்னாரு. அதான் வந்தேன்."

இது நடந்து எட்டு வருஷமாகிறது. இப்போது நான் திருச்சியில், கணவர், மகள் என்று இருக்கிறேன். திருவிருந்து ஞாயிறுகளில் வெள்ளைச் சேலை கட்டினால், "இன்னைக்கு யாரும்மா?" என்று மகள் கேட்பாள். அப்பாவும் மகளும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் மதியம் ஒரு மணிக்கு அண்ணாச்சி போன் போடுவார். "ஏட்டி, சொகமா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அவருக்கு இப்போது எண்பதாகிவிட்டது. மணி ஒன்று பத்தாகியும் போன் அடிக்காவிட்டால், எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.