எறும்பு சிஸ்டரும் நாலு கிலோ லென்ஸும்

பத்தொன்பதாவது படத்திலும் மரங்கொத்திக்கு இரண்டு மூக்கு இருந்தது.

எறும்பு சிஸ்டர் கேமராவின் குட்டித் திரையைக் கணவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இது பறவையா? யாரோ போர்வையை உதறுறாங்கன்னு நினைச்சேன்."

"மரங்கொத்திங்க. எதிர்ல இருக்கிற பட்ட மரத்துல உக்காந்திருக்கு. அதுபாட்டுக்கு சிவனேன்னு உக்காந்திருக்கு. அது ஆடலை."

"அப்ப ஆடுறது யாரு?"

அது அவளுக்குத் தெரிந்திருந்தால் அந்த வாரமே வேறு மாதிரி போயிருக்கும்.

அவளுடைய நிஜப் பெயர் கிளினிக்குக்கு வருகிற யாருக்கும் தெரியாது. இருபது வருஷமாக அங்கே ஊசி போடுகிறாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் போட்டும் முடித்துவிடுவாள். எறும்பு எங்கே என்று தேடிக்கொண்டே சட்டைக் கையை இறக்கிவிட்டுப் போவார்கள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. குரல் மட்டும் கொஞ்சம் ஓங்கி ஒலிக்கும். "ஊசி வலிக்கலை சிஸ்டர், காதுதான் வலிக்குது" என்று சிலர் சொல்வார்கள். என்ன செய்வது, அது அந்த வீட்டு வழக்கம். அவள், அவள் கணவர் இரண்டே பேர்தான். ஆனால் ஒருவர் உப்பு கேட்டால் பக்கத்துத் தெருவில் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

லென்ஸ் அவளுடைய அண்ணனுடையது. காடு காடாகப் போய் மிருகங்களைப் படமெடுக்கிற மனிதர். திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் வந்து, பெட்டியைத் திறந்து, லென்ஸை இரண்டு கையாலும் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"நாலு கிலோ. ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறோம். பறவைங்க கண்ணுல படாம படமெடுக்கிற மறைவுக் கூடாரத்துல ஒரு இடம் காலியா இருக்கு. சனிக்கிழமைக்குள்ள ஆடாம ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டு, அந்த இடம் உனக்கு."

"இல்லேன்னா?"

"என் பல் டாக்டர் ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டே இருக்காரு."

எப்படிப் பிடிப்பது என்றும் காட்டிக்கொடுத்தார். இடது கை லென்ஸுக்கு அடியில். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். மூச்சை முழுசாக வெளியே விட்டு, அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு நொடியில் பொத்தானை அமுக்க வேண்டும்.

முதல் நாள் அவளுக்குப் பறவையே கிடைக்கவில்லை. லென்ஸ் வழியாகப் பார்த்தால் உலகம் ஒரு முழத்துக்குச் சுருங்கிவிட்டது. மரத்தைத் தேடினால் சுவர் வந்தது. சுவரை விட்டு நகர்ந்தால் யாருடைய பனியனோ வந்தது. அப்புறம் எதிர்வீட்டுக்காரர் கொட்டாவி விட்டார், அவருடைய கடைவாய்ப் பல்லின் அடைப்புவரை தெரிந்தது. கை இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. அன்று அவளால் தலைகூடப் பின்ன முடியவில்லை. கணவர்தான் பின்னிவிட்டார். அதில் ஜடை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் வேலை முடிந்து வந்ததும், பால்கனிக்குக் கீழே இருந்த அச்சகத்துப் பெயர்ப்பலகைக்கு மேலாக லென்ஸை நீட்டிக்கொண்டு நின்றாள். இருட்டுவதற்குள் இருபது எண்ணுகிறவரை லென்ஸை இறக்காமல் பிடிக்கப் பழகிவிட்டாள். மரங்கொத்தியும் நடுவில் வந்து நின்றது. எல்லாம் சரி, படம்தான் ஆடியது.

"காப்பிதான் காரணம்" என்றார் கணவர். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவர். எதற்கும் உடனே ஒரு காரணம் சொல்லிவிடுவார். யோசிக்கும்போது நாற்காலிக்கு அடியில் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். "ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடிக்கிறே. நரம்பு என்ன ஆகும்?"

"நீங்க முதல்ல டம்ளரை மேஜை ஓரத்துல வைக்கிறதை விடுங்க. பாருங்க, இப்ப விழப் போகுது."

"நடுவுலதான் வெச்சேன்!"

"பதினோரு வருஷமா இதையேதான் சொல்றீங்க."

"நீ மட்டும் காலண்டர்ல தோள் படாம நடக்கிறியா? தினமும் காலையில அதை நேரா வைக்கிறதே எனக்கு ஒரு வேலையாப் போச்சு!"

அது அவர்கள் வீட்டில் தினமும் நடக்கிற சண்டை. ஆனாலும் காப்பியை நிறுத்தினாள். தலைவலி வந்தது. படம் ஆடியபடியேதான் இருந்தது. காலண்டரும் கோணிக்கொண்டேதான் இருந்தது.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அண்ணனை வரச் சொன்னாள். அவர் ஒரு மணிக்கு கேமராவை நிறுத்துகிற முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றேகாலுக்கு, முக்காலிகூட இல்லாமல், பால்கனியில் நின்று லென்ஸைத் தூக்கினார். ஒரே ஒரு படம். அதில் மரங்கொத்தியின் கழுத்து இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்ணுக்குள் எதிர்வீட்டு ஜன்னல்கூடத் தெரிந்தது.

அவள் அந்தப் படத்தை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தாள்.

"லென்ஸ்ல ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார் அண்ணன், கொஞ்சம் தணிந்த குரலில். "முக்காலியை வெச்சுட்டுப் போறேன். அதுல வெச்சு எடுத்தா யாருக்கும் ஆடாது." சாப்பாட்டை நாலு வாயில் முடித்துக்கொண்டு, இரண்டு மணிக்கு ஏதோ கூட்டம் என்று கிளம்பிப் போய்விட்டார்.

பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு இரண்டரை மணிக்கு அவள் முக்காலியை நிறுத்தினாள். லென்ஸை அதில் மாட்டி, திருகுகளை எல்லாம் இறுக்கி, மூச்சை விட்டு, ஒற்றை விரலால் தொட்டும் தொடாமலும் அமுக்கினாள்.

மரங்கொத்திக்கு மூன்று மூக்கு.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"முக்காலி மேலயுமா ஆடுது? ஒரு விரல் பட்டதுக்கா?"

"ஆமாண்ணா."

"எவ்வளவு நாளா இப்படி இருக்கும்மா?"

அவர் இவ்வளவு அன்பாக அவளிடம் பேசியதே இல்லை. அதுதான் அவளுக்குப் பயத்தைக் கிளப்பியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த கணவர் விஷயத்தைக் கேட்டு, ஒரு செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"மேஜை மேல முழங்கையை ஊன்று. கையை நீட்டு. விரல் மேல இந்தத் தாளை வைக்கிறேன். நரம்பு நல்லா இருந்தா தாள் அசையாது. எங்கேயோ படிச்சேன்."

தாள் படபடவென்று துடித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜையில் அவர் வைத்த டம்ளர் மெல்ல ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதைக் கவனிக்கிற மனநிலையில் இரண்டு பேருமே இல்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள் அவள்.

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

வியாழக்கிழமை காலை அவர் ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னார். அதுவும் மனசு கேட்காமல், ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம். "கையை உதறாதீங்கம்மா, நீங்க உதறுறதைப் பாத்தா என் வீட்டுக்காரி ஞாபகம் வருது" என்று ஆரம்பித்தது முழுக் கதையில் போய் முடிந்தது. அந்த அம்மாள் வண்டியைச் சுவரில் மெல்ல இடித்து நிறுத்தினார். டாக்டர் எழுதிய ஊசிகளில் பாதியைப் போட்டுக்கொண்டு மீதிக்கு மறுநாள் கிளினிக்குக்கு வர வேண்டியவர் அவர்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் முதல் டோக்கன்காரர் டாக்டரிடம், "எனக்கு மாத்திரையே போதும்" என்றார். இரண்டாவது ஆள் ஊசி என்ற சொல்லைக் கேட்டதுமே குணமாகிவிட்டார். மூன்றாவதாக வந்த அந்த ரிவர்ஸ் அம்மாள், "டாக்டரே போட்டா நல்லது" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் கடைசியாக ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று அவருக்கே நினைவில்லை. மூன்று முறை குத்தினார். நாலாவது முறை ஊசி சரியாக இறங்கியது. ஆனால் அதற்குள் வெளியே காத்திருந்த பெஞ்சு காலியாகிவிட்டது.

டாக்டர் அறைக் கதவைச் சாத்தினார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

நீட்டினாள். இருபது வருஷத்தில் ஒருமுறைகூட ஆடாத கை, இப்போது ஆடிவிடுமோ என்கிற பயத்திலேயே லேசாக ஆடியது. டாக்டர் பேனாவை மூடினார்.

"நாளைக்கு ஒரு நாள் பாக்கலாம். நானும் கூட நிக்கிறேன். இல்லேன்னா திங்கட்கிழமையில இருந்து நீங்க டோக்கன் கவுன்டர்ல உக்காந்துக்கலாம். அங்க உங்க குரலுக்கும் நல்ல உபயோகம் இருக்கு."

அவளுக்கு அழுகை வந்தது. ஏரியாவது கூடாரமாவது, எல்லாம் போகட்டும். யார் வந்தாலும் அவளைத்தான் கேட்பார்கள். "எறும்பு சிஸ்டர் இருக்காங்களா?" என்று கதவோரம் எட்டிப் பார்த்துக் கேட்பார்களே, அதைக் கேட்டுக்கொண்டேதான் இத்தனை வருஷத்தை அவள் ஓட்டியிருந்தாள். இனிமேல் டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிட்டு உள்ளே அனுப்ப வேண்டியதுதான். உள்ளே வேறு யாராவது இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் இரண்டு நிமிஷம் கத்தினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பரிகாரமாகத் தண்ணீர்க் குடத்தை நிரப்பிக் கொண்டுவந்தார்.

"ஒரு நாள்ல கையை இரும்பாக்கிடலாம். பால்கனியில நின்னு பத்து தடவை தூக்கு, பத்து தடவை இறக்கு."

ஆறாவது தடவையில் குடம் நழுவி, அச்சகத்து வாசலில் காகிதக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே விழுந்து உடைந்தது. தெருவே நிமிர்ந்து பார்த்தது. அதுவரை நம்பாதவர்களும் அன்று நம்பிவிட்டார்கள்.

"படமெடுக்க பால்கனி உயரம் போதலை. மொட்டை மாடியில முயற்சி பண்ணிப் பாரு" என்றார் கணவர். மொட்டை மாடியில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு எடுத்தாள். அங்கே மரமே இரண்டாகிவிட்டது.

சனிக்கிழமை காலை பதினொன்றரை வரை ஊசி போட ஒருவரும் வரவில்லை. பஞ்சை உருட்டி உருட்டி அவள் ஒரு டப்பாவை நிரப்பிவிட்டாள். அப்போதுதான் ஓர் ஆள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். அவள் வீட்டுக்குக் கீழே அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். பேப்பர் வெட்டும் கத்தி விரலைப் பதம் பார்த்துவிட்டதாம். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, டெட்டனஸ் வராமலிருக்க டி.டி. ஊசி ஒன்று எழுதினார். எழுதியவர் உட்காரவில்லை. ஊசி அறை வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எறும்பு சிஸ்டர்தானே நீங்க?" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார் மெஷின்காரர். "நேத்து குடம் போட்டீங்களே, நூலிழையில தப்பிச்சேன்."

"மன்னிச்சுக்குங்க" என்றாள். மருந்தை ஊசியில் ஏற்றும்போதே விரல்கள் ஆடின. டாக்டர் தொண்டையைக் கனைத்தார். இன்னும் ஒரு நிமிஷம்தான், அப்புறம் டோக்கன் கவுன்டர்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலேயே அவள் முழங்கைகளை விலாவோடு ஒட்டினாள். இடது கையை அவருடைய புஜத்துக்கு அடியில் கொடுத்துத் தாங்கினாள். நாலு கிலோவை ஐந்து நாள் சுமந்த கை அது, மனுஷன் புஜம் அதற்கு ஒரு கனமாகவே தெரியவில்லை. மூச்சை முழுசாக வெளியே விட்டாள். அடுத்த மூச்சு வருவதற்கு முன்னால் அந்த ஒரு நொடி வந்தது.

மெஷின்காரர் சுவரைப் பார்த்தபடி கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"சீக்கிரம் போடுங்க சிஸ்டர். பயமா இருக்கு."

"போட்டாச்சு" என்றாள் அவள்.

"எப்போ?"

டாக்டர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். அவளையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, "அடுத்த டோக்கன் யாரு? ஊசின்னா சிஸ்டர்கிட்ட போங்க!" என்று அவளைவிடச் சத்தமாகக் கூப்பிட்டார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கப் பஞ்சு டப்பாவை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள்.

"கை இவ்வளவு நல்லா இருக்கே, அப்புறம் ஏன் படம் மட்டும் ஆடுதுன்னுதான் புரியலை" என்று முணுமுணுத்தாள். அவளுக்கு அது முணுமுணுப்பு. கிளினிக் முழுக்கக் கேட்டது.

மெஷின்காரர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே எழுந்தார்.

"படம் எடுக்கணும்னா மதியம் ஒண்ணுல இருந்து ரெண்டுக்குள்ள எடுங்க சிஸ்டர். அப்பதான் நாங்க பெரிய மெஷினை நிறுத்திட்டுச் சாப்பிடுவோம். அது ஓடுறப்ப மேல உங்க வீட்டுல எதுதான் ஆடாம இருக்கும்?"