அரிசி ஓட்டாத முருங்கைப் பொடி

தொழில் தெரிந்தவனால்தான் பெரிய தப்பைச் செய்ய முடியும். தெரியாதவனுக்கு அவ்வளவு தைரியம் வராது. எனக்குத் தொழில் நன்றாகவே தெரியும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, விருதுநகரிலிருந்து ஹைதராபாத் வந்து, நாச்சாரத்தில் மசாலா அரவை மில்லைத் தனி ஆளாக எழுப்பியவன் நான். (இந்த வரியைப் படித்துவிட்டு என் மனைவி சரோஜா, "சிமெண்ட் மூட்டை சுமந்தது யாராம்?" என்கிறாள். விடுங்கள்.)

கச்சிபௌலியில் கண்ணாடிக் கட்டிடங்கள் போட்டி போட்டுக்கொண்டு எழும்பிய காலம் அது. அதில் ஒன்றில் என் மகள் கலைவாணி வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெளிறிப்போயிருந்தாள். நான் முருங்கையிலைப் பொடியில் இறங்கினேன். காலையில் மோரில் ஒரு ஸ்பூன், தோசை மாவில் கொஞ்சம், மதியச் சோற்றில் நெய்யோடு கொஞ்சம். இரும்புச்சத்து, கண்ணுக்கு நல்லது, வயிறும் ஒழுங்காக இருக்கும். இரண்டே மாதத்தில் பிள்ளைக்கு முகம் தெளிந்தது. (தான் அவளை நேரத்துக்குத் தூங்க வைத்ததால்தான் என்பது சரோஜாவின் கட்சி.)

கலைவாணி ஆபீஸில் இதைச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய மேனேஜர் அம்மாள், "வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கொடுத்துப் பார்ப்போம். பிடித்தால் கேன்டீனில் தினமும் வைக்கலாம்" என்றாராம்.

"அப்பா, நான்தான் வாக்கு குடுத்திருக்கேன். சொதப்பினா என் வேலைக்கே வேட்டு."

"அப்பா இருக்கும்போது உனக்கென்னம்மா பயம்?"

இலையை நிழலிலேயே, வெள்ளை வேட்டியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் உலர்த்தினேன். வெயிலில் போட்டால் நிறமும் சத்தும் போய்விடும். அதுவரை எல்லாம் சரி. வெள்ளிக்கிழமை காலை மில்லுக்குப் போனால், வேலையாள் யாதகிரி அப்போதுதான் குண்டூர் மிளகாயை அரைத்து முடித்திருந்தான். மிளகாய் அரைத்த மெஷினில் நாலு படி பச்சரிசியை ஓட்டிக் காரத்தை எடுத்துவிட்டுத்தான் அடுத்த சரக்கைப் போட வேண்டும். இது மில் வாசலில் கோதுமைத் தூக்கோடு நிற்கிற பெண்களுக்குக்கூடத் தெரியும்.

"சேட், அரிசி ஓட்டிட்டுப் போடுங்க."

"நேரமில்லப்பா. துணி வச்சுத் துடைச்சாச்சு."

"நக்கோ சேட், வேண்டாம். துணிக்கெல்லாம் காரம் போகாது."

"முப்பது வருஷமா மெஷின் ஓட்டுறேன். எனக்கே பாடமா?"

பொடி பச்சைப் பசேல் என்று விழுந்தது. ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தேன். காரம் இல்லை. முப்பது வருடம் மிளகாய் நெடியில் நின்றவனின் மூக்கும் நாக்கும் என்ன கதியில் இருக்கும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

ஆபீஸ் ஹாலில் நாற்பது பேர். பெரிய டிரம் நிறைய, பொடி கலந்த மோர். என் கையில் மைக். (முதல்முறை மைக் பிடிப்பது தெரியக்கூடாது என்று கத்தினேன்.) "கண்ணுக்கு இதைப் போல மருந்து கிடையாது!" என்று முடித்தேன். கலைவாணி அதை இங்கிலீஷில் சொன்னாள். எல்லோரும் ஒன்றாக டம்ளரைத் தூக்கிக் குடித்தார்கள்.

முதல் இருமல் முன்வரிசையில் கிளம்பியது. அப்புறம் எங்கே கிளம்பியது, எங்கே நின்றது என்று சொல்ல முடியாது. ஜன்னல் திறக்காத ஏசி ஹால் அது. மேனேஜர் அம்மாளின் கண் மை கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, கண்ணுல வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு!" என்றேன். கலைவாணி இதை மொழிபெயர்க்கவில்லை.

"அங்கிள், கைக்கு இத்தனா மிர்ச்சி?" இம்ரான் என்ற உள்ளூர்ப் பையன் அழுதபடியே, எதற்கு இவ்வளவு மிளகாய் என்று கேட்டான்.

"மிர்ச்சியே கிடையாதுப்பா! முருங்கையோட வீரியம்!" நிரூபிக்க இரண்டு டம்ளரை மடமடவென்று குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏசியில் இருந்து இருந்து இந்தப் பிள்ளைகளுக்கு நாக்கு நோஞ்சானாகிவிட்டது என்று பரிதாபப்பட்டேன்.

கலைவாணி ஒரு வாய் குடித்தாள். காது வரை சிவந்தாள். மில்காரன் மகள் அல்லவா, பக்கத்தில் வந்து மெதுவாக ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா, அரிசி ஓட்டினீங்களா?"

நான் தரையில் விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்தேன்.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. மேனேஜர் எதுவுமே சொல்லவில்லையாம். அதுதான் அவளுக்குப் பெரிய பயம். நான் விடுகிற ஆளா? நாலு படிக்குப் பதில் பத்துப் படி அரிசியை ஓட்டினேன். மெஷினைக் கழற்றிக் கழுவினேன். புதுப் பொடி அரைத்து, என் நாக்கை நம்பாமல் சரோஜாவையும் யாதகிரியையும் ருசி பார்க்கச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை, கூப்பிடாமலே போய் மேனேஜர் முன்னால் நின்றேன்.

"மேடம், தப்பு என்னுது. பொண்ணு மேல ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை விடுங்க."

அவர் என்னையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் ஹாலைத் திறக்கச் சொன்னார்.

அதே நாற்பது பேர், இந்தமுறை சுவரோடு ஒட்டிக்கொண்டு. நான் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினேன். ஒருவரும் அசையவில்லை.

"நீங்க குடிச்சா கணக்கு நை அங்கிள், செல்லாது" என்றான் இம்ரான்.

அப்போது கலைவாணி வந்தாள். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். ஹால் முழுக்க அவள் முகத்தையே பார்த்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, காலி டம்ளரை நீட்டினாள். "இன்னொண்ணு குடுங்கப்பா."

அதன் பிறகு எல்லோரும் டிரம் முன்னால் வரிசை கட்டினார்கள். கேன்டீனில் முருங்கை மோர் வந்தது. அவள் வேலையும் நிரந்தரமானது. (இரண்டுக்கும் காரணம் என் பொடி என்பது என் கட்சி.)

வீட்டில் மட்டும் என் நாக்குக்கு அன்று போன மரியாதை திரும்பவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் "காரமே இல்லை" என்றால், அடுத்த நொடி தண்ணீர்ச் சொம்பு கை மாறும். போன மாதம் காய்ச்சலுக்காக டாக்டரிடம் போனோம். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நாக்கு நல்லா இருக்கு" என்றார்.

பக்கத்தில் நின்ற சரோஜா, "இன்னொரு தடவை நல்லாப் பாருங்க டாக்டர்" என்றாள்.