பெயர் வரிசையின் மகிமை

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் சக்கரத்துக்கு அடுத்தபடியாக வணங்கத் தக்கது, ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே வரும் பெயர் வரிசைதான். சக்கரமாவது தள்ளிவிட்டால் தானாக உருளும். பெயர் வரிசையை உருட்ட ஒரு கமிட்டியே வேண்டும்.

அது இயங்கும் விதம் மிக எளிது. முதல் பெயர், வேலையைச் செய்தவருடையது. கடைசிப் பெயர், வழிகாட்டியவருடையது. நடுவில் இருப்பவர்கள் உதவியவர்கள். பிற்பாடு யாராவது அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது முதல் பெயரை மட்டும் எழுதி, "மற்றும் பலர்" என்று முடித்துவிடுவார்கள். ஆகவே உலகில் விஞ்ஞானிகள் இரண்டு வகை: பெயருள்ளவர்கள், பலர்.

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்த கெசியாவுக்கு இந்த ஞானம் அவசரமாகத் தேவைப்பட்டது. முதல் பெயராக ஒரு கட்டுரையாவது வந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்பது கல்லூரி விதி. கெடு, மார்ச் முடிவு. பதினான்கு மாதமாகக் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றில், தோல் ஊறிச் சுழலும் டிரம்மின் பக்கத்தில் நின்றிருக்கிறாள். தோலைப் பதனிடப் போடும் நீலநிறக் குரோமிய உப்பு, தோலில் ஏறாமல் கழிவு நீரோடு போவதைக் குறைக்க வேண்டும், அதுதான் ஆய்வு. பத்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. டிரம் ஓட்டும் ஹபீப் பாய்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்:

"இன்னாம்மா நீ, எல்லாத்தையும் ஒரே தபா கொட்றே? தோலுக்குக் குடிக்க டைம் குடு. கம்மி கம்மியா ஊத்து, நடுவுல டிரம்ம நிறுத்து."

நிறுத்தினாள். நீலமாக ஓடிய கழிவு நீர் வெளிறிப்போனது.

கட்டுரை எழுதி முடித்ததும், துறைத் தலைவரும் அவளுடைய வழிகாட்டியுமான முனைவர் சாந்தகுமார் "பெயர் வரிசை நிர்ணயக் கூட்ட"த்தைக் கூட்டினார். கல்லூரி முதல்வர் நத்தானியேல் தலைமை. தொழிற்சாலை முதலாளி ஷோயப் சிறப்பு அழைப்பாளர். கெசியா டீ கொண்டுவந்ததால் உள்ளே இருக்க அனுமதி கிடைத்தது.

"சண்டையே வேணாம். ஏ, பி, சி வரிசையில போட்டுடுவோம். ஜனநாயகம்!" என்றார் சாந்தகுமார்.

"நமக்கெல்லாம் இனிஷியல்தானே? வெளிநாட்டு இதழ்ல குடும்பப் பேரு கேப்பானே?" என்றார் முதல்வர்.

"அப்பா பேரக் குடுத்துட்டாப் போச்சு சார். எங்கப்பா பாக்கியநாதன். பி." கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தவரின் புன்னகை அது. பெருந்தன்மையாகத் திரும்பினார். "உங்கப்பா பேரு இன்னாம்மா?"

"ஆபிரகாம், சார்."

பி-க்கு முன்னால் ஏ வந்து உட்கார்ந்தது.

"ஜனநாயகம் நாட்டுக்குச் சரி," என்று முதல்வர் தீர்ப்பளித்தார். "அறிவியலுக்குச் சரிப்படாது. சீனியாரிட்டி பாக்கலாம்."

பார்த்தார்கள். முதலில் சாந்தகுமார். இரண்டாவது ஷோயப், டிரம் அவருடையது. மூன்றாவது முதல்வரின் மருமகன் பிரேம்நாத். அவர் பெங்களூரில் கணினி வேலை செய்கிறார், கட்டுரையில் ஒரு வரைபடம் இருக்கிறது. நான்காவது கெசியா. கடைசியில், வழிகாட்டும் கலங்கரை விளக்காக, முதல்வர்.

"சார், நான் ஃபர்ஸ்ட் இல்லன்னா தீசிஸ் போட முடியாது சார்."

"ஏம்மா பேஜார் பண்றே? ஒலிம்பிக்ல நாலாவது வர எத்தினி பேரு ஏங்குறான்!" என்றார் சாந்தகுமார்.

"ஹபீப் பாய் பேராவது..."

"டிரம் ஓட்றவர் பேரா? அப்புறம் டிரம்மே வந்து கேக்கும்."

மூன்று வாரத்தில் இதழிலிருந்து கடிதம் வந்தது. பழைய முறையில் பதனிட்ட தோல் என்று இரண்டாம் படமும், புது முறையில் பதனிட்ட தோல் என்று ஐந்தாம் படமும் இருக்கின்றன. இரண்டும் ஒரே புகைப்படம். இது ஏமாற்று வேலையா? பொறுப்பாளர் விளக்கவும்.

கெசியா எடுத்த இரண்டாம் படம் "பளிச்"சென்று இல்லை என்று, கட்டுரையை அனுப்பும் முன் யாரிடமும் சொல்லாமல் அதன் இடத்தில் ஐந்தாம் படத்தையே வைத்தவர் சாந்தகுமார்.

இரண்டாவது கூட்டம் நான்கே நிமிடத்தில் முடிந்தது.

"உழைச்சவங்க பேருதான் முதல்ல வரணும். மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல? அதோட, படத்துக்கெல்லாம் ஃபர்ஸ்ட் பேருதான் பொறுப்பு," என்றார் சாந்தகுமார்.

"என் பேர எடுத்துடுங்க சார். டிரம் ஊரெல்லாம் இருக்கு," என்றார் ஷோயப்.

பிரேம்நாத் பெங்களூரிலிருந்தே அடக்கம் காட்டினார். முதல்வருக்கும் அடக்கம் தொற்றியது.

"அப்ப வழிகாட்டின்னு நீங்க மட்டும் சார்?" என்று கெசியா சாந்தகுமாரைக் கேட்டாள்.

"வேணாம்மா. நீ தனியா வளரணும்."

விலகல் கடிதங்களில் நால்வரும் கையெழுத்திட்டார்கள். இதற்கு வரிசைத் தகராறு எழவில்லை.

"சார், ஹபீப் பாய் பேரு?"

"தாராளமாப் போடும்மா! ரெண்டாவதும் அவரே, கடைசியும் அவரே!"

கெசியா தான் எடுத்த அசல் படங்களையும், மாற்றிய படத்தோடு சாந்தகுமார் இதழுக்கு அனுப்பி, அவளுக்கும் நகல் போட்டிருந்த மின்னஞ்சலையும், விலகல் கடிதங்களையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். இதழ் எல்லாவற்றையும் மறுபடி சோதித்தது. மார்ச் இருபத்தேழாம் தேதி கட்டுரை வெளிவந்தது: கெசியா ஆபிரகாம், ஹபீப். செய்தவர் முதலில், வழிகாட்டியவர் கடைசியில்.

அடியில் ஒரு வரிக் குறிப்பு இருந்தது: "முதற்பிரதியில் தவறான படத்தை வைத்தவர் முனைவர் சாந்தகுமார்." அந்த ஆராய்ச்சியில் அவர் தம் கையால் செய்த ஒரே வேலைக்கான பெருமை, யாரோடும் பங்கு போடாமல், முழுதாக அவருக்கே போய்ச் சேர்ந்தது.