கண்ணாடிக்காரர் கேட்ட கிழவர்

பாடுவது ஒரு பெண் என்று மச்சினன் சொன்னதும் கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பொண்ணா? மாப்ளே, அது கிழவர். எழுபது வயசுக்குக் குறையாது. அந்தக் குரல்ல இருக்கிற துக்கம் உனக்கு எங்கே புரியப்போகுது?"

"நீங்களே கேளுங்க மாமா" என்று மச்சினன் போனை நீட்டினான்.

கண்ணாடிக்காரர் போனில் பாட்டுக் கேட்பதில்லை. அது அவருடைய கொள்கை. பகல் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து அடுத்தவர்களைச் சின்ன எழுத்து படிக்க வைப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ரெக்கார்டு பிளேயர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கேட்பது இண்டி ராக். பெரிய கம்பெனிகளின் தயவே இல்லாமல் நாலைந்து பேர் ஒரு கார் ஷெட்டில் பாடிப் பதிவு செய்து, சில நூறு இசைத்தட்டுகள் அடித்து, அதில் பெரும்பகுதியைச் சொந்தக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருப்பார்கள். தப்பித்தவறி வெளியே வந்ததில் ஒன்று கண்ணாடிக்காரர் வீட்டில் இருக்கும்.

இப்போதைய தட்டு மூன்று மாதத்துக்கு முன் தபாலில் வந்தது. சாம்பல் நிற அட்டை. அதில் படமும் இல்லை, பெயரும் இல்லை. ஆல்பத்துக்குத் தலைப்பு வைப்பதை அந்தக் குழு வியாபாரம் என்று நினைத்தது. பாடுகிறவர் பெயரைப் போடுவது விளம்பரமாம். இணையத்தில் ஏற்றுவது துரோகமாம். இதெல்லாம் கண்ணாடிக்காரருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கேட்டுக் கண்கலங்கி, தன் இணையப் பக்கத்தில் ஒரு விமர்சனமும் எழுதினார்.

'ஒரு கிழவர் கிணற்றின் அடியில் உட்கார்ந்துகொண்டு, மேலே தெரிகிற வானத்தை மன்னிக்கிறார்.'

எழுதிவிட்டு அவரே நாலு தடவை படித்து நெகிழ்ந்தார். வழக்கமாக அவர் எழுதுவதை அவரும், கேலி செய்வதற்காக மச்சினனும்தான் படிப்பார்கள். இதை என்னவோ ஊரே படித்தது. அடுத்தவர்களின் விமர்சனங்களை அவர் படிப்பதில்லை. படித்தால் காது கெட்டுவிடும் என்பது இன்னொரு கொள்கை.

போனில் பாட்டு ஓடியது. அதே மெட்டு, அதே வரிகள். ஆனால் கிணறும் இல்லை, வானமும் இல்லை. துள்ளிக் குதித்துக்கொண்டு ஓர் இளம்பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

"எவனோ வேகத்தைக் கூட்டி ஏத்தியிருக்கான். திருட்டுப் பசங்க!"

"ஏழெட்டுப் பேர் அவங்கவங்க தட்டுல இருந்து எடுத்துப் போட்டிருக்காங்க மாமா. எல்லாருமா சேர்ந்து கூட்டுவாங்க? எல்லா விமர்சனத்துலயும் 'இந்தப் பொண்ணு யாரு'ன்னுதான் கேக்குறாங்க. நீங்க ஒருத்தர்தான் கிழவர்ங்கறீங்க."

கண்ணாடிக்காரர் தட்டை எடுத்தார். நடுவில் ஒட்டியிருந்த லேபிளின் ஓரத்தில் எறும்பளவுக்கு ஏதோ அச்சாகியிருந்தது. கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

நாற்பத்தைந்து.

பெரிய தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று ஓடும். சில குழுக்கள் மட்டும் நாற்பத்தைந்தில் அடிப்பார்கள். லேபிளைப் பார்த்துப் பிளேயரின் வேகத் திருகைத் திருப்பிவிட்டுத்தான் ஊசியை வைக்க வேண்டும். தட்டு வாங்குகிறவனுக்கு இதுதான் அரிச்சுவடி. ஊருக்கெல்லாம் சின்ன எழுத்து காட்டுகிறவர் அதைப் படிக்காமல் மூன்று மாதமாக முப்பத்துமூன்றிலேயே ஓட்டி, கண்ணீரும் விட்டிருக்கிறார்.

திருகைத் திருப்பினார். அந்தப் பெண் வீட்டுக்குள்ளேயே வந்து குதித்தாள். தாளம் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் படபடவென்று கேட்டது. என்னவோ இடிக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை உடனே அடக்கிக்கொண்டார். இனிமேல் தன் காதை நம்புவதாக இல்லை.

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள்.

"இது நல்லாருக்கே! இதை விட்டுட்டு இவ்வளவு நாளா அந்த இழவு வீட்டுப் பாட்டையே ஏங்க போட்டீங்க?"

மச்சினன் தரையில் உருண்டு சிரித்தான்.

கண்ணாடிக்காரர் உடனே விமர்சனத்தை அழித்தார். அதோடு விஷயம் முடிந்தது என்று நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் போன் அடித்தது. தெருமுனைக் காபிக்கடைக்காரர். கடையின் பின்னறையில் அவ்வப்போது சின்னச் சின்னக் கச்சேரிகள் நடத்துகிறவர்.

"சார், உங்க விமர்சனத்தைக் காணோமே? பரவாயில்லை, கிணத்து வரியை நான் போஸ்டர்ல அடிச்சிட்டேன். சனிக்கிழமை அந்தக் குழு இங்க வாசிக்குது. நீங்கதான் மேடையில அறிமுகப்படுத்தணும்."

"அவங்க எங்கேயும் வாசிக்கப் போக மாட்டாங்களே!"

"அதான் சார் ஆச்சரியம்! உங்க விமர்சனத்தைப் படிச்சிட்டு அவங்களாவே கூப்பிட்டாங்க. 'அந்த ஆளை நேர்ல பார்க்கணும்'னு சொன்னாங்க."

"எந்தத் தொனியில சொன்னாங்க?"

"தொனியா? கொஞ்சம் அழுத்தமாத்தான் சொன்னாங்க."

கண்ணாடிக்காரர் போனை வைத்தார். ஓர் இளம்பெண்ணைக் கிழவர் என்று எழுதினால், பார்க்க வருகிறவர்கள் மாலையோடா வருவார்கள்?

சமாளித்துவிடலாம் என்று விளக்கம் ஒன்று எழுதிப் போட்டார். 'கிழவர் என்று நான் சொன்னது வயதை அல்ல. அந்தப் பெண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும் முதுமையை.' இதைப் படித்து யாராவது காறித் துப்பியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். ஆகா, என்ன ஆழம் என்று வியந்தார்கள். பெண்ணுக்குள் இருக்கும் முதுமையைப் பார்க்க ஆளாளுக்கு டிக்கெட் வாங்க, காபிக்கடைக்காரர் நாற்காலி வாடகைக்கு எடுக்க ஓடினார்.

கடைசி வழியாக வயிற்றுவலி என்று படுத்தார். மனைவி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆனால் வயிற்றைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேங்க. என் வீட்டுக்காரர் மேடையில பேசப்போறாருன்னு. நாலு பேர் என்கூட வர்றாங்க."

"நீயா? உனக்குத்தான் இந்தப் பாட்டெல்லாம் ஆகாதே."

"ஆகாதுதான். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது. ஆனா உங்களுக்கு ஏதோ விஷயம் தெரிஞ்சிருக்குன்னு வெளியில நாலு பேர் சொல்றப்போ சந்தோஷமா இருக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பைத்தியத்தைத் தூசு தட்டி மட்டுமே பழகியவள் அவள். அவள் முகத்தில் இப்படி ஒரு பெருமையை அவர் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வயிற்றுவலி அந்த நிமிடமே சரியாகிவிட்டது. நெஞ்சுவலிதான் நிஜமாகவே வந்துவிடும் போலிருந்தது.

சனிக்கிழமை மற்றவர்களுக்கு முன்னால் போய்க் குழுவினரின் காலில் விழுந்துவிடுவது என்று முடிவுசெய்தார். கடையின் பின்பக்கம் ஒரு வேன் நின்றது. ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு பெரியவர் பன்னைக் காபியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். வேன் டிரைவர் போலிருக்கிறது.

"குழுவுல யாரும் இல்லையாங்க?"

"சாமான் இறக்குறாங்க. நீங்க?"

"விமர்சனம் எழுதின ஆளு."

பெரியவர் பன்னைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிணறுன்னு எழுதினது நீங்கதானா?"

டிரைவருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது! கண்ணாடிக்காரர் உடைந்துபோனார். லேபிள், திருகு, மூன்று மாதக் கண்ணீர், பொய் வயிற்றுவலி எல்லாவற்றையும் கொட்டினார்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மெதுவாக் கேட்டப்போ பிடிச்சிருந்துதா?" என்றார்.

"பிடிச்சுதாவா? வாழ்க்கையில அப்படி ஒண்ணைக் கேட்டதே இல்லைங்க. ஆனா முட்டாள்தனம்தானே ஐயா? யோசிச்சுப் பாருங்க, எந்தக் கிழவன் ராக் பாடுவான்?"

"ம்" என்றார் பெரியவர். இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குட்டை முடி வெட்டிய ஒரு பெண் எட்டிப்பார்த்து, "மேலே வாங்க, நேரமாச்சு" என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

அவள்தான் பாடகி என்று கண்ணாடிக்காரருக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. முறைக்காமல் போனது அவளுடைய பெருந்தன்மை.

பின்னறை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மனைவியும் அவளுடைய ஆபீஸ்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் மச்சினன் போனைத் தயாராகப் பிடித்திருந்தான். சுவரில் கொட்டை எழுத்தில் கிணறும் வானமும் இருந்தன. கண்ணாடிக்காரர் மேடையேறினார். அவர் எழுதி வைத்திருந்த பேச்சு பையிலேயே இருந்தது.

"நான் கடையில கண் சோதிக்கிறவன். ஒரு கண்ணாடியைப் போட்டு, அடுத்ததையும் போட்டு, இது தெளிவா, அது தெளிவான்னு கேக்குறது என் தொழில். இந்தத் தட்டு விஷயத்துல அதை நான் என்கிட்டயே கேட்டுக்கலை. கிழவருமில்லை, கிணறுமில்லை. தப்பான வேகத்துல ஓட்டிட்டு உளறிட்டேன். அப்புறம் போட்ட விளக்கம் அதைவிடப் பெரிய உளறல். லேபிளை ஒழுங்காப் படிச்ச நீங்க எல்லாரும் சரியாக் கேட்டீங்க, நான்தான் செவிடன்."

அறை ஒரு கணம் திகைத்தது. அப்புறம் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். மனைவி முதலில் திருதிருவென்று விழித்தாள். பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். ஆபீஸ்காரரிடம், "பார்த்தீங்களா, எவ்வளவு நேர்மை!" என்று அவள் சொன்னது மேடைவரைக்கும் கேட்டது. தப்பித்தோம் என்றுகூடக் கண்ணாடிக்காரர் நினைத்தார். அந்தத் தெம்பில் குரலை உயர்த்தினார்.

"துள்ளலும் இளமையும் நிறைஞ்ச அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்களை இப்ப மேடைக்கு அழைக்கிறேன். வாம்மா!"

குட்டை முடிப் பெண் வந்தாள். அவருக்கு வணக்கம் சொன்னாள். நேராகப் போய் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்குப் பின்னால், வாயோரத்து பன் தூளைத் துடைத்துக்கொண்டு, வேன் டிரைவர் ஏறி வந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார். கண்ணாடிக்காரரைப் பார்த்து ஒரு தடவை புன்னகைத்தார். பிறகு, கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல், நிதானமாகப் பேசினார்.

"லேபிள்ல வேகத்தைத் தப்பா அச்சடிச்சு என்னைப் பொண்ணாக்கிட்டாங்க, உலகத்துலேயே ஒருத்தர் மட்டும் சரியாக் கேட்டிருக்காருன்னு அவரைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், அவரும் இப்பத் திருந்திட்டாரு."