படவுக் இல்லத்து மொஹிங்காப் பை முற்றுகை

வாழ்க சத்யபாமா! யாங்கோன் மாநகரின் கிழக்கே, தின்கன்ஜூன் வட்டாரத்துச் சந்து ஒன்றில், மழைப்பாசி கரும்போர்வையாய்ப் படர்ந்த கட்டடத்தின் உச்சியில், காற்றும் காக்கையும் மட்டுமே மூச்சிரைக்காமல் வந்துசேரும் ஐந்தாம் மாடியில் வீற்றிருந்து, படவுக் இல்லம் எனப் பூவின் பெயர் பூண்ட மாணவியர் விடுதியை ஆண்டவளே, வாழ்க! தனக்கா மரப்பட்டைச் சாந்து துலங்கும் கன்னத்தினளே, எவர்சில்வர் தூக்குச்சட்டி ஏந்திய கையினளே, பொருளாதாரப் பாடத்தில் இருமுறை வீழ்ந்தும் மும்முறை எழுந்தவளே, கண்ணுக்கெட்டிய தொலைவில் எவர் பிளாஸ்டிக் பையை உதறினாலும் அவ்வோசை கேட்டுப் புருவம் நெரிப்பவளே, உன் புகழை எளியேன் எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லப் புகுந்தேன். குற்றமிருந்தால் பொறுத்துக்கொள்க.

போர் மூண்ட காரணம் கேண்மின். மின்சாரம் என்னும் தேவி யாங்கோன் மக்கள்மேல் கொண்ட ஊடல் தீராமல், நினைத்தபோது வந்து நினையாதபோது மறையும் காலம் இது. மின்விசிறி நின்ற மறுகணம் கொசுப்படை முரசறையும். தேர்வுக்குப் படிக்கும் கன்னியர் ஒரு கையில் புத்தகமும் மறுகையில் அட்டை விசிறியுமாய் வியர்வை வெள்ளத்தில் நீந்துவர். இத்துயர் கண்ட பழைய மாணவர் சங்கத்தார், இன்வெர்ட்டர் ஒன்றைப் பேட்டரியோடு பரிசாக அறிவித்தனர். ஆனால் பரிசு ஒன்றே, விடுதிகளோ இரண்டு. ஐந்தாம் மாடியில் படவுக் இல்லம். அதே கட்டடத்தின் முதல் மாடியில், தனசேகரன் என்னும் தந்திர வேங்கை தலைமை தாங்கும் தேக்கு இல்லம், ஆடவர் விடுதி. ஒரு வாரம் முழுதும் எந்த விடுதி குறைந்த குப்பை போடுகிறதோ அதற்கே இன்வெர்ட்டர் என்று முடிவாயிற்று. ஞாயிறு காலை கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடை முஜிபுர் ரஹ்மான் பாய் தம் கொக்கித் தராசில் இரு கூடைகளையும் தூக்கி நிறுப்பார். கூடையில் கிடப்பது எவர் கொண்டு வந்ததாயினும் அது கூடைக்கு உரியவர் பாவம். கெட்டுப்போன சோறும் குப்பையே. இவை விதிகள்.

அன்று அவையில் எழுந்த சத்யபாமா, ஈயப்பானை அதிர்ந்தாற்போல் சூளுரைத்தாள்: "தோற்றேனாயின், தென்றல் தவழும் என் ஜன்னலோரக் கட்டிலைத் துறந்து, எலிகள் கொலுவிருக்கும் அடுக்களை வாசலில் பாய் விரிப்பேன்! இது சத்தியம்!"

எலி என்றால் அவளுக்கு உயிர் நடுங்கும் என்பதை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும்.

தொடங்கியது தவம். படவுக் இல்லத்துக் கன்னியர் காபிமிக்ஸ் பொட்டலம் துறந்தனர். அதனினும் கொடிய துறவு உலகில் உண்டோ! காலையில் அதைக் கிழிக்கும் ஓசையின்றிக் கண் திறவாத நிலோஃபர், முதல் இரு நாள்கள் சுவரோடு சுவராகச் சாய்ந்து, நீருக்கு ஏங்கும் நெற்பயிர்போல் நின்றாள். ஷாம்பூப் பொட்டலம் துறந்து சீயக்காய்க்கு மீண்டனர். சந்தைக்குத் துணிப்பை கொண்டுபோய்க் கீரைக்காரியிடம் வசை வாங்கினர். காய்கறித் தோலெல்லாம் பால்கனி மண்தொட்டியில் புகுந்து உரமாகும் பொருட்டுக் கிடந்து, உரமாவதற்கு முன் வேறு என்னவெல்லாமோ ஆகி, நாலாம் மாடி வரை நாறியது.

தேக்கு இல்லத்தாரோ இவ்வளவு வருந்தவில்லை. வீட்டில் ஒரு பருக்கையும் உண்ணாமல் மூன்று வேளையும் தேநீர்க்கடைகளிலேயே கழித்தனர். ஊரார் கூடைகள் நிறைந்தன; அவர்கள் கூடை துறவியின் ஓடுபோல் காலியாகவே இருந்தது. சனிக்கிழமை மாலை இரு கூடைகளையும் எட்டிப் பார்த்த ரஹ்மான் பாய், "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியுது. நாளைக்குக் காத்தடிச்சாக்கூட முள்ளு சாஞ்சிரும்" என்று தாடியை நீவினார். அச்சொல் தனசேகரன் செவியில் வித்தாய் விழுந்து, விடியுமுன் விஷமரமாய் வளர்ந்தது.

ஞாயிறு புலர்ந்தது. இந்நகரத்து மாடிகள்தோறும் தெருவை நோக்கி ஒரு கயிறு தொங்கும். கீழ்நுனியில் கவ்வி, மேல்நுனியில் மணி. கீழிருப்பவர் இழுத்தால் மேலே மணி ஒலிக்கும். கவ்வியில் மாட்டிய பொருளை மேலிருப்பவர் இழுத்துக்கொள்வர். படவுக் இல்லத்து மணி அன்று காலை ஊழிக்காலத்துச் சங்கம்போல் அலறியது. எட்டிப் பார்த்தாள் சத்யபாமா. அந்தோ, அவள் கண்ட காட்சியை எங்ஙனம் உரைப்பேன்!

தெருமுனையில் மொஹிங்காக் கடை வைத்திருக்கும் பவுனம்மாளின் தள்ளுவண்டி வாசலில் நின்றது. மீன்குழம்பும் அரிசி நூடுல்ஸும் கலந்த அந்த அமுதத்தைப் பார்சல் கட்டுவதில் பவுனம்மாளுக்கு நிகர் ஈரேழு உலகிலும் இல்லை. குழம்புக்கு ஒரு பை, நூடுல்ஸுக்கு ஒரு பை, சுரைக்காய்ப் பொரிக்கு ஒரு பை, மிளகாய்த்தூளுக்கு விரல்நுனி அளவில் ஒரு பை, எலுமிச்சைக்கு ஒரு பை, இத்தனையும் அடங்க ஒரு தாய்ப்பை, அந்தத் தாய்ப்பை கிழிந்துவிட்டால் என் செய்வதென்று கருணையால் அதற்கும் மேல் ஒரு பாட்டிப்பை. ஒவ்வொன்றின் கழுத்திலும் அவள் சுண்டிச் சுற்றிய ரப்பர் வளையம், பல்லுக்கும் பணியாது நகத்துக்கும் நெகிழாது. அத்தகைய பார்சல்கள், படவுக் இல்லத்துக் கன்னியர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக, வண்டிமேல் வெண்கொடி வீரர்போல் அணிவகுத்து நின்றன. பக்கத்தில், புத்தம்புது லோஞ்சிக் கைலி உடுத்தி, தலை வாரி, புன்னகை பூத்து நின்றான் தனசேகரன்.

"மா சத்யா! இன்னிக்கு எனக்குப் பொறந்த நாளு. ஒங்க வூட்டுக்கெல்லாம் என் தானம்!" என்று கூவினான்.

"ஒனக்கு மாசி மாசமில்ல கோ தனா?" என்றாள் நிலோஃபர் மேலிருந்து, ஆடவரைக் 'கோ' என்றும் பெண்டிரை 'மா' என்றும் விளிக்கும் இந்நாட்டு முறைப்படி.

"நான் பொறந்தது ஞாயித்துக்கெழம. இன்னிக்கு என்னா கெழம?"

பிறந்த கிழமையைப் பெயரினும் பெரிதாய்ப் போற்றும் இந்நாட்டில் அவ்வாதத்தை வெல்ல எவரால் இயலும்? பிறந்தநாள் தானத்தை மறுப்பதோ இங்கே மகாபாதகம். வாங்கினால், மலைபோல் பைகள் கூடையில் குவியும். தராசு முள் படவுக் இல்லத்தின் நெஞ்சில் பாயும். வாங்காவிட்டால் பாவம் பாயும். இருபுறமும் கூரிய வாளைப் பூமாலை சுற்றி நீட்டியிருந்தான் அக்கயவன்.

சத்யபாமா அஞ்சினாளல்லள். தூக்குச்சட்டியைக் கவ்வியில் மாட்டி, கயிற்றை விட்டாள். அது நான்காம் மாடியின் துவைத்த துணிகளை விலக்கி, மூன்றாம் மாடிக் காக்கையோடு மோதி, தெருவில் இறங்கி நின்றது.

"பவுனக்கா, இதுல ஊத்துங்க. பையி வேண்டாம்!"

"கட்டியாச்சும்மா! இனி எவ அவுக்கிறது? என் முடிச்ச நானே அவுத்ததில்ல, சொல்லிபுட்டேன்" என்றாள் பவுனம்மாள். "பையில வச்சாதான் சூடு நிக்கும். பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைங்க, சூடாச் சாப்புடுங்க, யாபாடெ, ஒண்ணும் ஆவாது!"

தூக்குச்சட்டி வெறுங்கையோடு திரும்பியது. அன்பே ஆயுதமாய் வந்தால் கேடயம் ஏது?

அதற்குள் தேக்கு இல்லத்துக் காளையர் கைக்கிரண்டாய்ப் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு, மதயானைக் கூட்டம் மலையேறுவதுபோல் மாடிப்படியில் புறப்பட்டனர். ஐந்தாம் மாடிக் கதவருகே வைத்துவிட்டால் போதும், தானம் முடிந்தது, போரும் முடிந்தது. தடதடவென்னும் காலடியோசை நெருங்க நெருங்க, படவுக் இல்லத்தில் கலக்கம் மூண்டது.

"கதவச் சாத்துடி!" என்றாள் ஒருத்தி.

"சோத்தை வாசல்ல நிறுத்திக் கதவச் சாத்துறதா? நல்லதில்லடி" என்றாள் நிலோஃபர். "எனக்கு வேற பசிக்குது. வாசன மேல வந்திருச்சு."

சத்யபாமா கண்மூடி நின்றாள். அடுக்களைப் பக்கம் எலியொன்று கீச்சிட்டது. அக்கணம் அவள் உள்ளத்தில் ஒரு மின்னல் வெட்டியது.

"தோழியரே! தட்டெடுங்கள்! கரண்டி எடுங்கள்! தானம் நம்மைத் தேடி வரவேண்டாம். தானத்தைத் தேடி நாம் செல்வோம்! புறப்படுக!"

எவர்சில்வர் தட்டுகள் கேடயமாய் மின்ன, கரண்டிகள் ஈட்டியாய் நிமிர, சீயக்காய் மணக்கும் கூந்தல் பறக்க, படவுக் சேனை படியிறங்கிற்று. மேலேறும் படையும் கீழிறங்கும் படையும் மூன்றாம் மாடித் திருப்பத்தில், ஒருவர் போனால் மற்றவர் சுவரோடு ஒட்ட வேண்டிய அக்குறுகலில், முட்டி நின்றன. பைகள் தளும்பின. குழம்பு உள்ளே குமுறியது.

"எங்க போறீங்க?" என்றான் தனசேகரன்.

"விருந்துக்குத்தான். பொறந்தநாள்காரன் வூட்ல சாப்புடாம, எங்க வூட்ல ஒக்காந்து சாப்புட்டா அது விருந்தா? திரும்பு கோ தனா, கூடத்துல பாய் விரி."

"இல்ல, நாங்களே கொண்டாந்து…"

"வந்த விருந்தாளிய வேணாங்கிறியா? பொறந்த கெழமையும் அதுவுமா?"

தன் வலையில் தானே சிக்கிய வேடன்போல் விழித்தான் தனசேகரன். பின்னால் வந்த காளையர், பாரம் தாளாமலோ பசி தாளாமலோ, தாமாகவே திரும்பி இறங்கத் தொடங்கினர். யானைப்படை வால்புறமாய்ப் பின்வாங்கியது.

தேக்கு இல்லத்துக் கூடத்தில் விருந்து நடந்தது. ரப்பர் வளையங்களோடு கன்னியர் புரிந்த மற்போரை விரித்தால் ஏடு கொள்ளாது. ஒன்று தெறித்துச் சுவர்க்கடிகாரத்தைத் தாக்கியது. ஒன்று தனசேகரனின் நெற்றியில் பாய்ந்து செந்திலகம் இட்டது. கடைசியில் கத்திரிக்கோல் வந்தது. குழம்பு பொழிந்தது, பொரி நொறுங்கியது, ஒரு வாரக் காபியற்ற தவம் மொஹிங்காவில் முங்கி முக்தியடைந்தது. மறந்துபோன மிளகாய்ப் பையோடு மேலே வந்த பவுனம்மாள், "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கடி" என்று நிலோஃபரின் தட்டைப் பார்த்துப் பூரித்தாள்.

உண்டு முடித்தனர். தட்டு கழுவினர். வாய் துடைத்தனர். வெற்றுப் பைகள் கடலொதுக்கிய இழுதுமீன்போல் கூடமெங்கும் பளபளத்துக் கிடக்க, சத்யபாமாவும் சேனையும் வாசலை நோக்கி நடந்தனர். அதே வேளை, தராசைத் தோளில் சாத்தியபடி உள்ளே நுழைந்தார் ரஹ்மான் பாய்.

"நில்லு!" என்று அலறினான் தனசேகரன். "ஒங்க பைய எடுத்துட்டுப் போங்க! ஒங்களுக்குக் குடுத்த பார்சல்!"

திரும்பினாள் சத்யபாமா. நெற்றியில் வியர்வை முத்தாய் ஒளிர, தட்டை உயர்த்திப் பிடித்து, மூன்று மாடிகள் கேட்க முழங்கினாள்: "கேளீர், தேக்கு இல்லத்தீரே! உண்டவர் இலையை உண்டவரே எடுத்தல் எந்நாளும் எங்கள் வழக்கில் இல்லை! அழைத்தவன் பரிமாறுவான், பரிமாறியவன் எச்சில் எடுப்பான், எடுத்தாலன்றி விருந்தின் புண்ணியம் அவனைச் சேராது! உன் புண்ணியத்தைப் பறிக்கும் கொடியவள் அல்லேன் நான்!"

"இதென்னா எலையா? இது பையி!" என்றான் அவன், நியாயத்தின் கடைசி இழையைப் பற்றி.

பவுனம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "ஏண்டா தனா, வூட்டுக்கு வந்து சாப்புட்ட பொம்பளப் புள்ளைங்கள எச்சி எடுக்கச் சொல்றியா? பையில தின்னா என்னா, எலையில தின்னா என்னா? ஒங்கம்மா கேட்டா நாக்கப் புடுங்கிக்கும்!"

எல்லாக் கண்களும் ரஹ்மான் பாயை நோக்கின. அவர் தாடியை நீவினார். கூரையை நோக்கினார். தமக்கென்று ஒரு பார்சல் மீதமிருக்கிறதா என்றும் நோக்கினார்.

"பவுனம்மா சொல்றதுதான் செரி. எடுத்துக் கூடையில போடுப்பா, தனா."

குனிந்தான் வேங்கை. பை பையாய்ப் பொறுக்கினான். தாய்ப்பையில் சேய்ப்பைகள், பாட்டிப்பையில் தாய்ப்பைகள், யாவும் தேக்கு இல்லத்துக் கூடையில் விழுந்து பொங்கி விளிம்பு கடந்தன. தராசு முள் தலை சாய்ந்தது. அடுத்து, மேலிருந்து இறக்கித் தூக்கிய படவுக் கூடையோ, உள்ளே ஒரு பேனா மூடியும் தலைமுடிச் சுருளுமாய், வீணையின் நரம்புபோல் ஆடி நின்றது. "ஐந்தாம் மாடிக்கே வெற்றி!" என்றார் பாய். தட்டும் கரண்டியும் மோத எழுந்த ஜயபேரிகையில் மூன்றாம் மாடிக் காக்கை மிங்கலாடோன் திசை நோக்கிப் பறந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அகிலத்தின் குப்பை அன்று ஒரு பையளவும் குறையவில்லை, விலாசம்தான் மாறிற்று. சத்யபாமாவுக்கும் அது தெரியும். ஆகவே படியேறுமுன் வண்டியருகே நின்று, "பவுனக்கா, இனி நாங்க தூக்குச்சட்டி எறக்குனா அதுலயே ஊத்தணும்" என்று வரம் கேட்டாள். "நீங்க தின்ன வேகத்துக்குக் குண்டான்லகூட ஊத்துறேன் போ" என்று வரம் தந்தாள் பவுனம்மாள்.

பின்னர், தோற்ற காளையரே பல்லக்குப்போல் தாங்க, ரப்பர் வளையத் தழும்போடு தனசேகரன் முன்னே வழிவிலக்க, மூச்சும் முனகலும் முரசாக, இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாடி மாடியாய் ஏறின. வாசலில் நிலோஃபர் காபிமிக்ஸ் கரைத்த நீரால் ஆலம் சுற்றினாள். ஜன்னலோரக் கட்டிலருகே, உலகை அளக்க நின்றதுபோல் நிறுவப்பட்டது அந்தக் கருநிறப் பெட்டி. கன்னியர் சூழ்ந்து மூச்சடக்கினர். விண்ணும் மண்ணும் செவிசாய்த்தன. வெற்றித் திருமகள் சத்யபாமா, இடக்கையால் கூந்தலை ஒதுக்கி, வலக்கையால் பிளக்கை ஏந்தி, எலிகளின் குலம் நடுநடுங்க, இருளின் கோட்டை இடிந்து விழ, வியர்வையின் வரலாறு அத்தோடு முற்றுப்பெற, சுவரின் துளையில் அதைச் செருகினாள்!

கரண்ட் இல்லாததால் சார்ஜ் ஏறவில்லை.