கிரவுன் வீல் இன்னும் வரவில்லை

கச்சிராயபாளையம்,
25-1-1987

மகா ராஜ ராஜ ஸ்ரீ மச்சான் அரங்கநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் பச்சமுத்து எழுதிக்கொண்டது. இங்கு செவ்வந்தியும் பிள்ளைகளும் சுகம். பட்டாளத்தில் வேளாவேளைக்குச் சோறு போடுவதால் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். நான் சுகமில்லை. காரணம் நீங்கள்.

பட்டாளத்தில் கழித்துவிட்ட கனரக லாரி ஏலத்துக்கு வருகிறது, மலை ஏற அதைவிட நல்ல வண்டி கிடையாது, எடுங்கள் மாப்பிள்ளை என்று எழுதியது யார், நானா? அந்த லாரி இருபத்தெட்டு நாளாக வெள்ளிமலைப் பாதையில் மூன்றாவது வளைவில் நிற்கிறது. பின் அச்சுக்குள் சுற்றும் கிரவுன் வீல் பல் உதிர்ந்துபோச்சு, பல் வைத்த இரும்பு வளையம் என்று படம் போட்டுக்கூட அனுப்பினேன். ஏற்றியிருந்த மரவள்ளிக்கிழங்கு நாலாம் நாளே கறுத்து நாறிவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஸ்பேர் கடை ஹயாத் பாஷாவிடம் போனால், “இன்னா பச்சமுத்து, இது பட்டாளத்துக்குன்னே செஞ்ச சாமான். நான் என்னா, பீரங்கியும் வெச்சிக்கினா இருக்கேன்?” என்கிறார். மலையில் பதினோரு குடும்பத்துக் கிழங்கு இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. அவர்களுக்காகப் பேசும் மாயவன், “வெள்ளிக்கிழம வரிக்கும் பாப்போம், அப்பால வேற வண்டி சொல்லிடுவோம்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இந்த லாரியில் கோழிதான் வளர்க்க வேண்டும்.

நீங்களோ, பொங்கலுக்கு முன்பே அனுப்பிவிட்டேன் என்று ஒரு கார்டு போடுகிறீர்கள். எங்கே அனுப்பினீர்கள், எல்லைக்கா? டயரை எவனும் கழற்றிவிடாமல் பத்து நாள் லாரிக்கு அடியிலேயே கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டால், “லாரிக்கு ஒண்ணும் வரல. எனக்குத்தான் அண்ணன் பொங்க சீர் அனுப்பிக்கீது” என்கிறாள் உங்கள் தங்கை. சீருக்கு வழி தெரிகிறது, என் கிரவுன் வீலுக்குத்தான் தெரியவில்லை. அது என்ன சீர் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். நான் கத்தும்போதெல்லாம், “தண்ணி குட்சிட்டுத் திட்டுங்க” என்று சொம்பை நீட்டுகிறாள். இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று சொம்பு ஆகிவிட்டது.

வயதில் பெரியவர் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன். வீட்டில் அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
பச்சமுத்து

பின் குறிப்பு: உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். தண்ணீர்ப் பானை உங்கள் கிரவுன் வீல் மேல் உட்கார்ந்திருக்கிறது. வளையத்துக்கு மஞ்சள் குங்குமம் வேறு. அதோடு ஜோடியாக வந்த பினியன் என்ற பல் வைத்த தண்டால் மிளகு இடித்துக்கொண்டிருக்கிறாள். தூக்கப் போனேன். “பிரிமணை மேல வெச்சா பானை ஆடும், இதுல ஆடவே மாட்டேங்குது. பதினாலு வருஷத்துல எங்கண்ணன் எனக்குன்னு அனுப்புன மொத சீரு, அதுல கைய வெக்காதீங்க” என்று அழுகிறாள். லாரி சாமான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாளைக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு சேலை எடுத்து வந்து, இதுதான் அண்ணன் அனுப்பிய சீர், வளையம் ஆள் மாறி வந்துவிட்டது என்று சொல்லி வாங்கிக்கொள்ளப் போகிறேன். அவள் கேட்டு எழுதினால் ஆமாம் என்று பதில் போடுங்கள். மேலே எழுதியதை அடிக்கவில்லை. அடுத்த பொங்கலுக்கும் உங்களிடமிருந்து அவளுக்குச் சீர் வராவிட்டால், அதையே திரும்பவும் முதலிலிருந்து படித்துக்கொள்ளுங்கள்.